அழுகை ஒரு பத்தி போதும்

சரசு,

காலையிலிருந்து இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஒரு வரி எழுதினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். வாசலில் பனி ஏறி நிற்கிறது, எதிர் மலைகூடத் தெரியவில்லை, பார்க்க ஒன்றும் இல்லாமல் திரும்பி உள்ளே வருகிறேன். உனக்குக் கொடுத்துவிட மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கிற உன் அம்மா, "ஒண்ணு உக்காருங்க, இல்ல நில்லுங்க. எனக்குக் கண்ணு சுத்துது" என்று சொல்லிவிட்டாள். வறுக்கிற நெடியில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வருகிறது. நெடி என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிறோம்.

நாளைக்கு நீயும் மாப்பிள்ளையும் பூண்டுலோயாவிலிருந்து இங்கே வருவீர்கள். புதன்கிழமை நானுஓயாவில் ரயில் ஏறுவீர்கள். பிறகு தலைமன்னார், பிறகு கப்பல், பிறகு துறையூர்ப் பக்கத்தில் உன் மாமனாரின் அண்ணன் வீடு. மாப்பிள்ளை குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது. நானும் உன் அம்மாவும் இந்த நாட்டுப் பிரஜை என்று எழுதித் தரும்படி மனுப்போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இதுவரைக்கும் எங்களுக்கு எந்த நாடும் வரவில்லை. நீ போகிற நாட்டுக்கு நான் வர முடியுமா, நான் இருக்கிற நாட்டுக்கு நீ திரும்ப முடியுமா என்று யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். இந்த நிலைமையில் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை இனியும் தள்ளிப்போட எனக்குத் துணிச்சல் இல்லை. நேரில் சொல்லலாம் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது பேசிவிடுவேன். நீ கல்யாணமாகிப் போன அன்றைக்கும் அப்படித்தான். சொல்ல வாயைத் திறந்து, "பஸ்ஸில ஜன்னலோரமா உக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயம் உன் வாசிப்பைப் பற்றியது. உனக்குப் பத்து வயதில் கதைப் பைத்தியம் பிடித்தது. நம் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரருக்கு லில்லி என்று ஒரு மகள் இருந்தாளே, அவளுக்கு இந்தியாவிலிருந்து வாராவாரம் பிள்ளைகள் பத்திரிகை வரும். அவள் படித்து முடித்ததும் அது உன் கைக்கு வரும். அதோடு டவுன் பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த கதைப் புத்தகங்கள். எல்லாப் பிள்ளைகளும்தான் கதை படிக்கும். ஆனால் நீ படித்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. உனக்கு வாயை மூடிக்கொண்டு படிக்கத் தெரியாது. லயத்து ஜன்னலுக்குக் கீழே அரிசிச் சாக்கில் குப்புறப் படுத்துக்கொண்டு, "போகாத, போகாத, அவன் பொய் சொல்றான்" என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்வாய். பிடிக்காதவன் வந்தால் அந்தப் பக்கத்தில் ஓர் அடி. பிடித்த இடம் வந்தால் எழுந்து வெளியே ஓடி, லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பரா வரைக்கும் போய் யாரிடமாவது சொல்லிவிட்டு வந்து மறுபடியும் படுப்பாய். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வேலை முடிந்து வரும்போது என்னைக் கேட்பார்கள், அந்தப் பையன் கிணற்றிலிருந்து ஏறிவிட்டானா என்று. எந்தப் பையன், எந்தக் கிணறு என்று எனக்குத் தெரியாது. ஏறிவிட்டான் என்று சொல்லி வைப்பேன்.

ஒரு தடவை நீ சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டாய். உன் அம்மா பதறிப்போய் என்னவென்று கேட்டாள். குதிரை செத்துப்போச்சு என்றாய். "துரையோட குதிரையா?" என்று கேட்டாள் அவள். கதையில் வருகிற குதிரை என்று தெரிந்த பிறகும் அவள் சிரிக்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து அது என்ன நிறம், எப்படிச் செத்தது, அதற்கு யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து, கடைசியில் உனக்குச் சோறு ஊட்டினாள். நான் அப்போது கதவோரம் நின்று இரண்டு பேரையும் திட்டினேன். எனக்கு ஐந்தாம் வகுப்பு வரை எழுத்துத் தெரியும். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் படிக்கிற பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்பது அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஒரு காகிதக் குதிரைக்காக அழுதால், குதிரையின் நிறத்தைக் கேள். வேறு புத்திமதி எதுவும் சொல்லாதே.

உனக்குப் பதின்மூன்று நடக்கும்போது அந்தப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தது. பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பளத்து ஊர்ப் பெண் தேன்மொழி. அப்பா உப்புப் படகு ஓட்டுகிறவர். பெண்ணுக்குப் படிக்க ஆசை. உப்பளத்து முதலாளி அவளையும் உப்பு அள்ள அனுப்பச் சொல்கிறார். அந்தக் கதை வர ஆரம்பித்த பிறகு நீ வேறு ஆளாகிவிட்டாய். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டால் லில்லி வீட்டு வாசலில்தான் நிற்பாய். அதுவரை புத்தகத்தோடு சண்டை போட்டவள், இப்போது கதை எழுதியவரோடு சண்டை போட ஆரம்பித்தாய். அந்த ஆள் உப்பு அள்ளியே பார்த்திருக்க மாட்டார், கையில் வெடிப்பு வருமே, அதை ஏன் எழுதவில்லை என்று என்னிடம் கேட்பாய். நான் தொழிற்சாலையில் ரோலரில் கொழுந்து அரைத்துவிட்டுக் காது அடைத்துப்போய் வந்திருப்பேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கத்துவேன்.

நீ எனக்குத் தெரியாமல் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாய். லில்லியின் அப்பா தன் கடிதங்களோடு சேர்த்து அதைத் தபாலில் போட்டிருக்கிறார். அதை அவர்கள் அச்சில் போட்டுவிட்டார்கள், உன் பெயரோடும் நம் தோட்டத்தின் பெயரோடும். அந்தக் கடிதம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். 'பதினோராம் வாரத்தில் தேன்மொழியை மூன்று பத்தி அழ வைத்துவிட்டீர்கள். ஒரு பத்தி போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவு நேரம் அழ முடியாது' என்று ஆரம்பித்திருந்தாய். கதை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எழுதி, உப்பு அள்ளுகிற கையைப் பற்றி ஏன் ஒன்றும் இல்லை என்றும் கேட்டிருந்தாய். படகு கவிழ்ந்த வாரத்தை நான்கு தடவை படித்ததையும், நான்காவது தடவையும் பயமாகவே இருந்ததையும் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு வந்த வரிகள்தான் என்னைப் பற்றியவை. 'எங்கள் தோட்டத்திலும் தேன்மொழிகள் இருக்கிறார்கள். பதின்மூன்று வயதில் கூடையைக் கொடுத்துவிடுகிறார்கள். என் அப்பா நல்லவர். ஆனால் யார் எதிரிலும் நிமிர்ந்து நின்று பேசமாட்டார். தேன்மொழியின் அப்பாவாவது பேசுவாரா என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.'

தோட்டத்துக் கணக்கெழுதுகிற பெரிய கிளாக்கர் வீட்டுக்கும் அதே பத்திரிகை வரும் என்பது உனக்குத் தெரியாது. தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த என்னை அவர் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டார். காலை வேலை பிரிப்பதற்காக ஆணும் பெண்ணுமாக எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். அழுகை வரியில் சில பேர் சிரித்தார்கள். 'நிமிர்ந்து நின்று பேசமாட்டார்' என்ற வரி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கிளாக்கர் மெதுவாகத்தான் பேசினார். தோட்டத்துப் பெயர் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருக்கிறது, துரை காதுக்குப் போனால் புகார் என்றுதான் எடுத்துக்கொள்வார், ரோலர் வேலைக்கு ஆள் நிறைய இருக்கிறது, காம்பராவுக்கும் ஆள் இருக்கிறது என்றார். பிறகு, "புள்ள சும்மா இருந்தா இப்படித்தான். நாளைக்கே பேரைப் பதிஞ்சிரு" என்றார்.

நான் சரிங்க என்றேன். சரசு, நீ எழுதியது உண்மைதான் என்று அத்தனை பேர் முன்னால் நானே நிரூபித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நான் உன்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நீ அழுதிருப்பாய், உன் அம்மா குறுக்கே விழுந்திருப்பாள், நாலு நாளில் எல்லாம் ஆறியிருக்கும். நான் கொடிக்கயிற்றில் தொங்கிய உன் பள்ளிக்கூடப் பையை எடுத்து, அதிலிருந்ததைக் கொட்டிவிட்டு, உன் அம்மாவிடம் உருளைக்கிழங்கு போட வைத்துக்கொள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். உன் அம்மா, "பேப்பர்ல பேரு வந்தா என்னாங்க? பொலிஸ்லயா வந்துச்சு?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தை எங்கேயாவது கேட்டு வாங்கி, உன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். நான் காட்டவில்லை. மறுநாள் உன் பெயரைக் கொழுந்தெடுக்கிறவர்களின் செக்ரோலில் பதிந்தேன்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டு வந்தேன். உன் அம்மா மிளகாயை இடித்து முடித்துவிட்டாள். போத்தல் போதுமா, டின்னில் போடவா என்று கேட்கிறாள். எனக்கு எது சொன்னாலும் சரியென்று படுகிறது.

நீ ஒரு வருஷம் கொழுந்தெடுத்தாய். முதல் வாரம் விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்தது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. லில்லி இரண்டு மூன்று தடவை பத்திரிகையோடு வந்தாள். நீ அதைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாய். மலையில் பெண்கள், அந்த உப்பளத்துப் பிள்ளை என்ன ஆனாள் என்று உன்னைக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டாயாம். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே அரிசிச் சாக்கு சாக்காகவே கிடந்தது. நீ கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பிடிமானம் இருந்திருக்கும். நீ மரியாதையாக இருந்தாய். சாப்பிட்டீங்களாப்பா, வெந்நீர் வைக்கவாப்பா என்று கேட்டாய். வாரம் போகப் போக எனக்கு வீட்டுக்கு வரவே கால் எழவில்லை.

அந்த நாட்களில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தப்பளை டவுனுக்கு நடக்க ஆரம்பித்தேன். அங்கே ராமையாவின் சலூனில் பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். சவரம் பண்ணும்போது கத்தியில் ஒட்டிய சோப்பு நுரையைத் துடைக்க அவர் அதிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழிப்பார். உன்னுடைய பத்திரிகையும் அதில் இருந்தது. பிள்ளையைக் கெடுத்த கதை எது என்று பார்க்கலாம் என்று எடுத்தேன். சரசு, ஒரு மணி நேரத்தில் எட்டு வாரத்தை முடித்தேன். ராமையா இரண்டு தடவை கூப்பிட்டும் நாற்காலிக்குப் போகவில்லை. படகு கவிழ்ந்த வாரத்தில் என் கால் கட்டைவிரல் தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாற்பது வயது ஆள். அடுத்த ஞாயிறும் போனேன். தலையில் முடியே இல்லாதபோதும் போனேன். அந்தக் கதை வருகிற தாளை மட்டும் கிழிக்காதீர்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். அதற்குள் இருபத்துமூன்றாம் வாரம் யாருடைய தாடி நுரையோடோ போய்விட்டிருந்தது. அந்த ஒரு வாரத்தை நினைத்து எத்தனையோ நாள் ரோலருக்குப் பக்கத்தில் நின்று கைவேலையில் தவறியிருக்கிறேன்.

ராமையாவும் அந்தக் கதையைப் படிக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. ஒரு ஞாயிறு என்னை நாற்காலியில் உட்கார்த்தி முகத்தில் பாதிக்கு நுரை போட்டிருந்தார். அந்த வாரத்தில் முதலாளி சொன்னபடி தேன்மொழியின் அப்பா அவளை உப்பளத்துக்குக் கூட்டிப்போகிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவனெல்லாம் ஒரு தகப்பனா என்றேன். ராமையா நிதானமாக, "நல்ல மனுசன்தான் அண்ணே. பயம் அவருக்கு" என்றார். என்ன பயம், பெற்ற பிள்ளையை விடப் பெரிதாக என்ன பயம் என்று நான் சத்தம் போட்டேன். சலூனில் உட்கார்ந்து பேசினால் கண்ணாடியைப் பார்த்துத்தானே பேச வேண்டும்? பாதி முகம் நுரையோடு வாயைத் திறந்துகொண்டு ஒருவன் எதிரே இருந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். ராமையா மீதி முகத்தை முடித்துவிட்டார்.

மறுவாரம் டவுன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். ஒரு வருஷம் போய்விட்டதால் உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டியிருக்கும், வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஓட்டமாக வந்து உன்னிடம் சொன்னேன். நீ கூடையின் கயிற்றைச் சரிபண்ணிக்கொண்டே, வேண்டாம்பா, சின்னப் பிள்ளைகளோடு உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். சந்தோஷத்தில் குதிப்பாய் என்று நினைத்திருந்தவன் நான். பிடுங்கி எறிந்ததைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவுடன் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிற முட்டாள்தனம் அது. நீ யாருக்காவது தீங்கு செய்துவிட்டு அதைச் சரிசெய்யப் போகும்போது, அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திரும்பி வந்துவிடாதே. நின்றுகொண்டிரு.

அப்புறம்தான் அந்த விறகுப் பாதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாம் இரண்டு பேரும் காட்டில் விறகு கட்டிக்கொண்டு வருவோம். என்ன பேசுவது என்று தெரியாமல் தேன்மொழி கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், நீ விட்ட வாரத்திலிருந்து. நீ முன்னால் நடந்துகொண்டிருந்தாய். கேட்கிறாயா என்றுகூடத் தெரியவில்லை. கிழிந்துபோன இருபத்துமூன்றாம் வாரம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதே. தேன்மொழியின் அப்பா முதலாளி முன்னால் போய் நின்று, என் மகளை இனி அனுப்பமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசினார் என்று நானே கட்டிவிட்டேன். நீ விறகோடு நின்றுவிட்டாய். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் பழைய குரலைக் கேட்டேன்.

"அவரு அப்படிப் பேசியிருக்க மாட்டாருப்பா. பேசியிருந்தா இருபத்துநாலாம் வாரமே இருந்திருக்காது."

அந்த வாரம் கிழிந்துபோயிற்று என்று ஒப்புக்கொண்டேன். எதற்குக் கிழிந்தது என்றாய். சவரத்துக்கு என்றேன். நீ சிரித்தாய். விறகு சரிந்து விழுந்தது. பிறகு ஐந்து ஞாயிறு நீ பின்னால் வரவுமில்லை, முன்னால் போகவுமில்லை. என் பக்கத்தில் நடந்தாய், குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டு. கடைசி வாரத்தைச் சொல்லி முடித்தேன். தேன்மொழி பள்ளிக்கூடம் போகிறாள் என்பதோடு கதை முடிந்துவிட்டது. எந்த வகுப்பில் சேர்ந்தாள் என்று கேட்டாய். சின்னப் பிள்ளைகளோடுதான் என்றேன். கதையில் அப்படி ஒரு வரி கிடையாது. நான் சேர்த்துச் சொன்னேன் என்பது உனக்குத் தெரிந்துதான் இருக்கும். அந்தத் தடவை நீ என்னைத் திருத்தவில்லை.

திங்கட்கிழமை கிளாக்கரிடம் போய் உன் பெயரை வெட்டச் சொன்னேன். நிமிர்ந்து நின்றேனா என்று எனக்குத் தெரியாது. அவர் உன் பெயரை வெட்டினார். என்னைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்து மலையில் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போட்டார். தேயிலைத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் நானே கேட்டு மாறினேன் என்று உன்னிடம் சொன்னேன். அது அப்படியில்லை. ஆனால் நாலு வருஷம் மழையில் நின்று கான் வெட்டியதை உன் கணக்கில் ஒருநாளும் வைத்துக்கொள்ளாதே. ஒரு வருஷம் நீ மழையில் நின்றதற்கு முன்னால் அது ஒன்றுமில்லை. நீ சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாய், பரீட்சை எழுதினாய், இதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தாய். எல்லாம் நன்றாகத்தான் வந்தது என்று ஊர் சொல்கிறது. ஒரு பொருளை உடைத்தவனுக்குத்தானே அதில் எங்கே துண்டு குறைகிறது என்று தெரியும்.

இனி அதை எழுதிவிடுகிறேன். உன் பெயரைச் செக்ரோலில் பதிந்த மூன்றாம் வாரம், தபால் பை கொண்டுவருகிற ஆள் உன் பெயருக்கு வந்த ஓர் அட்டையை என் கையில் கொடுத்தார். பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். உன் கடிதத்தைக் கதை எழுதுகிறவருக்குக் காட்டியதாகவும், அவர் சிரித்துவிட்டு நீ சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டதாகவும், இனிமேல் தேன்மொழி ஒரு பத்திக்கு மேல் அழமாட்டாள் என்று வாக்குக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தார். உப்பு அள்ளுகிற கையைப் பற்றி உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுதச் சொல்லியிருந்தார். பிறகு, 'நீ படிக்கிற ஒவ்வொரு கதையைப் பற்றியும் எங்களுக்கு எழுது. உன்னைப் போலப் படிக்கிறவர்களுக்காகத்தான் பத்திரிகை நடத்துகிறோம்.' ஊதா மையில், சாய்ந்த எழுத்து. நான் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். போட்டதோடு விட்டிருக்கலாம். டவுன் தபாற்கந்தோரில் ஓர் அட்டை வாங்கி, 'இந்தப் பெண் இப்போது கதை படிப்பதில்லை. இனி எழுத வேண்டாம்' என்று எழுதி, அவள் அப்பா என்று கீழே போட்டு அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் பத்திரிகைக்கு எழுதிய ஒரே கடிதம் அதுதான்.

பிள்ளையைக் கெடுத்த கதை எது என்று பார்க்கச் சலூனுக்குப் போனேன் என்று மேலே எழுதினேனே, அதுவும் முழு உண்மையில்லை. அந்த அட்டை எரிந்த பிறகும் என்னை விடவில்லை. கதை எழுதுகிறவர் வாக்குக் கொடுத்தபடி செய்தாரா என்று பார்க்கத்தான் போனேன். செய்திருந்தார். பதினைந்தாம் வாரத்திலிருந்து கடைசி வரைக்கும், கிழிந்துபோன அந்த ஒன்றைத் தவிர, பார்த்துவிட்டேன். தேன்மொழியின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிற வாரத்தில்கூட அவள் ஒரு பத்திதான் அழுகிறாள். பத்தொன்பதாம் வாரத்தில் அவளுக்குக் கையில் வெடிப்பு வருகிறது. நீ எழுதாமலே அவர் எப்படியோ கண்டுபிடித்து எழுதிவிட்டார். கடல் தாண்டி ஒருவர், பதின்மூன்று வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்டுக் கதையை மாற்றியிருக்கிறார். அந்தப் பிள்ளை இங்கே அதைப் படிக்காமல் கூடையோடு நின்றது. விறகுப் பாதையில் நான் உனக்கு எல்லா வாரத்தையும் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எத்தனையோ கதை படித்துவிட்டாய். என்னிடம் சண்டை போட்டாய், அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னாய். யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை. அவர்கள் பதில் போடவில்லை என்பதால்தான் எழுதவில்லை என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்றைக்கிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நேற்று இதுவரைக்கும் எழுதி வைத்திருந்தேன். இன்று திங்கள். மத்தியான பஸ்ஸில் நீங்கள் வந்தீர்கள். மாப்பிள்ளை அம்மாவோடு பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நீ உள்ளே வந்து, என்னப்பா இவ்வளவு எழுதியிருக்கீங்க என்று கேட்டாய். நான் தாளைக் கையால் மூடினேன். நீ என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். வேறு வழியில்லாமல், உனக்கு அந்தக் காலத்தில் ஓர் அட்டை வந்தது என்றேன். யார் எழுதினார்கள் என்று சொன்னேன். எரித்துவிட்டேன் என்றேன். பதில் போட்டதைச் சொல்லும் முன்பே நீ கையைக் காட்டி நிறுத்தினாய். உன் முகம் நான் பெயர் பதிந்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிட்டது. ரொம்ப நேரம் கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா வெளியிலிருந்து தேத்தண்ணி ஆறுது என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு நீ மெதுவாகச் சொன்னாய்.

"மீதிய எழுதிக் குடுங்கப்பா. நான் இங்க வச்சுப் படிக்க மாட்டேன். அங்க போய்ப் படிச்சுத்தான் கோபப்படுவேன். இப்பக் கோபப்பட்டா என்னால உங்கள விட்டுட்டுப் போக முடியாது."

சரி தாயி. ஒன்றும் விடாமல் எழுதிவிட்டேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்து கோபப்படு.

உன் அப்பா